குடைக்காரர் நீக்கிய மூன்று கேள்விகள்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

குடைத் தொழிற்சாலையின் குறைகேட்புப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம், கீழே நானே சொல்கிறேன். அங்கே நீங்களும் என் தங்கையும் சுகம்தானா, அவளுடைய முழங்கால் வலி தேவலையா, நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறுகிறாளா, இல்லை நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறாளா என்றெல்லாம் விசாரிப்பது முறை. அதை விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற மனுஷன் எதற்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லத்தான் வந்தேன். நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்து, வெயில் இந்த வருஷம் அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மின்மினிக்காசு என்கிற அந்தக் கிரிப்டோ காசு மண்ணைக் கவ்வி ஏழு வாரம் ஆகிறது, கீழ்த்தளத்தில் வீடு பார்க்க நீங்கள் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் அதோடு போயிற்று, அந்தக் காசுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண் போட்டவன் நான். இன்றுவரை நீங்கள் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசவில்லை. "மச்சான், பார்த்து இறங்குங்க, மூணாவது மாடியில பல்பு போயிடுச்சு" என்று கூடவே டார்ச் அடித்துக்கொண்டு வந்தீர்கள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த டார்ச் வெளிச்சத்தில் இறங்கியது போல் ஒரு கஷ்டம் நான் பட்டதில்லை.

ஆகையால் எழுதுகிறேன். இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். என் தங்கை கண்ணில் பட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள், பதிலும் எழுத வேண்டாம். இத்துடன் இணைத்திருக்கும் மூன்று அட்டைகளை மட்டும் அவளிடம் காட்டுங்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என் உத்தியோகம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் அதில் எனக்கு என்ன பெருமை என்று தெரிந்திருக்காது. குடை வாங்கியவர்கள் எழுதுகிற குறைகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். காற்றில் விரித்தேன், வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது என்று ஒருவர் எழுதுவார், குடையில் குறை ஒன்றுமில்லை, ஆனால் என் கணவர் அதைப் பேருந்தில் விட்டுவிட்டார், பாதி விலைக்கு இன்னொன்று கிடைக்குமா என்று ஓர் அம்மாள் எழுதுவார், கைப்பிடி வளைவு எங்கள் வீட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டவில்லை என்று ஒரு மனிதர் ஆறு பக்கம் எழுதி, கொக்கியின் படத்தையும் வரைந்து அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போடுவேன். பெறப்பட்டது, ஆராயப்பட்டது, முடிக்கப்பட்டது என்று மூன்று முத்திரை. அன்புடையீர் என்று தொடங்கி, தங்கள் ஆதரவுக்கு நன்றி என்று முடிகிற பதில் ஒன்று தயாராகவே இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசை மேல் ஒரு கடிதம் மிச்சம் இருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. குறைகள் எத்தனை குறைவோ சரக்கு அத்தனை உசத்தி என்பது என் சித்தாந்தம். அதைப் பெரிய எழுத்தில் எழுதி என் நாற்காலிக்குப் பின்னால் நானே ஒட்டியும் வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்றதும் எனக்குக் குறை சொல்ல ஆளில்லாமல் போயிற்று. என் மனைவிக்குக் குறைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, சமையலறைக் குழாய் ஒழுகுவதை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆனால் அவள் எழுத்தில் தருவதில்லை. இப்படி வெறுங்கையோடு இருந்த சமயத்தில்தான் நம் தெருமுனை முடிதிருத்துபவர் கத்தரியை ஒரு கையிலும் கைபேசியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, புதுசு புதுசாகக் கிரிப்டோ காசுகள் வருகின்றன, எதில் போடுவது என்று தெரியவில்லை, ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது, சனங்கள் அங்கே போய்ப் பேசிக்கொள்கிறார்கள், நீங்கள் படித்தவர், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சனங்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டதுமே எனக்குக் கை துறுதுறுத்தது. காசைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் சரக்கைப் பற்றிச் சனங்கள் எழுதுவதை வைத்துச் சரக்கை எடைபோட என்னை விட்டால் யார் என்று ஒரு நினைப்பு. காதுக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தார், அப்படியே எழுந்துபோய்க் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

நாலு காசுகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் மன்றத்திலும் முந்நூறு பதிவுகளைப் படித்து அட்டவணை போட்டேன். முதல் இரண்டில் ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டார்கள், தள்ளிவிட்டேன். மூன்றாவது மன்றம் இருக்கிறதே, அதைப் போல் ஒரு அழுமூஞ்சிக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அனுப்பிய காசு போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகிறது என்று ஒருவர், புது மாற்றம் வந்ததிலிருந்து என் கைபேசியில் திறக்கவில்லை என்று ஒருவர், கணக்கை யார் சரிபார்க்கிறார்கள் என்று ஒருவர். செய்தவர்களே தங்கள் சொந்தப் பெயரில் வந்து, ஆமாம், தப்புதான், செவ்வாய்க்கிழமைக்குள் சரிசெய்கிறோம் என்று எழுதுவார்கள், செவ்வாய்க்கிழமை வந்து வியாழக்கிழமை என்பார்கள், அதற்குப் பத்துப் பேர் திட்டுவார்கள், வியாழக்கிழமை உண்மையாகவே சரியாகியிருக்கும், உடனே வேறொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். நூற்றுக்கு எழுபது பதிவு குறை. ஒன்பது மதிப்பெண் போட்டேன், அதுவும் இரக்கப்பட்டு.

நாலாவது மின்மினிக்காசு. என்ன மன்றம், என்ன மரியாதை. காலை வணக்கம் குடும்பமே என்பார்கள், உடனே நூற்று நாற்பது பேர் வணக்கம் என்பார்கள். ராக்கெட் படம் போடுவார்கள். பொறுமையாக இருங்கள் சொந்தங்களே, நல்லது நடக்கும் என்பார்கள். போட்டதை மூன்று மாதத்துக்கு எடுக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது, அதற்கும் நன்றி சொன்னார்கள், நம் நன்மைக்காகத்தானே என்று. முந்நூறு பதிவில் ஒரே ஒரு குறைகூட இல்லை, மாப்பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷமாக எந்தச் சரக்குக்காகக் காத்திருந்தேனோ அது இதுதான் என்று பட்டது. தொண்ணூற்றாறு போட்டேன். நாலு மதிப்பெண் எதற்குக் குறைத்தேன் என்றால், முழு மதிப்பெண் போட்டால் தலைக்கனம் வந்துவிடும் என்று.

அந்த அட்டவணையை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து நான் பேசிய பேச்சு உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை, மறக்க முடிந்தால் தேவலை. நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே, விசாரித்துவிட்டுப் போடலாம் என்று பட்டும் படாமலும் சொன்னீர்கள். முப்பத்தொரு வருஷம் விசாரித்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விசாரிக்க வேண்டும் என்கிறாரே என்று எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. என் தங்கை மட்டும் என்னை ஏறிட்டுப் பார்த்து, "அண்ணா, நீ நல்லா பார்த்துட்டியா?" என்று கேட்டாள். நான் அட்டவணையைத் தட்டிக் காட்டினேன்.

இனிமேல் எழுதுவதுதான் நீங்கள் அறியாதது. மன்றத்தில் நான் காட்டிய ஒழுங்கைப் பார்த்து அதன் தலைவர் எனக்குத் தனியாக எழுதினார். அந்தத் தலைவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை, சிங்கத்தின் படம்தான் இருக்கும், எப்போது கேட்டாலும் விமானத்தில் இருப்பார். நண்பா, உங்களைப் போன்ற அனுபவசாலிதான் எங்களுக்கு வேண்டும், மன்றத்துக்கு மட்டுறுத்துநராக இருங்கள் என்றார். மட்டுறுத்துநர் என்றால் வேண்டாத பதிவுகளை நீக்குகிற வேலை. சம்பளம் கிடையாது, பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு கேடயம் வரும். அந்தக் கேடயத்தைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. மட்டுறுத்துநர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று விதி, ஆகையால் நம் குடும்பத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை, என் மனைவிக்கும் சொல்லவில்லை, சொன்னால் குழாய் பேச்சு வரும். யாருக்கும் சந்தேகம் வராதபடி குடைக்காரர் என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டேன்.

காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் மதியம்வரை மன்றத்தைப் பெருக்கித் துடைப்பேன். இரண்டு முறை ஒரே வணக்கம் சொன்னவர்களுக்கு ஒரு வணக்கத்தை நீக்குவேன். சந்தேகம் கேட்கிறவர்கள் எப்போதாவது வருவார்கள், அவர்களை நீக்குங்கள் நண்பா, அவநம்பிக்கையைப் பரப்புகிறவர்கள் என்று சிங்கம் எழுதும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மேசையில் கடிதம் மிச்சம் இருக்கக் கூடாதல்லவா.

அப்போது ஒரு திங்கட்கிழமை இரும்புக்கயிறு என்ற பெயரில் ஒருவர் வந்தார். பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை, ஆளை இழுத்துக் கட்டுகிறவன் பெயர் போல இருந்தது. வந்தவர் வணக்கம் குடும்பமே என்று சொல்லவில்லை. ராக்கெட்டும் போடவில்லை. இதைச் செய்தவர்கள் யார், எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், கோளாறு வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று கேட்டார். நீக்கினேன். அன்புடையீர், தங்கள் பதிவு மன்றத்தின் நல்லெண்ணத்துக்கு ஒத்துவராததால் நீக்கப்படுகிறது, தங்கள் ஆதரவுக்கு நன்றி, இங்ஙனம் குடைக்காரர் என்று பதிலும் அனுப்பினேன். புதன்கிழமை மறுபடி வந்தார். மூன்று மாதம் கழித்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும் என்றால் கதவு திறக்குமா, ஒரு தடவைக்கு எத்தனை பேர் இறங்கலாம், அதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். அதையும் நீக்கினேன், அதே பதில். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை வந்தார். இந்தத் தடவை மன்றத்தைக் கேட்கவில்லை, என்னையே கேட்டார். "குடைக்காரர் ஐயா, ஒரு லிப்டை ஓட விடறதுக்கு முன்னாடி அதைச் செஞ்சவன் தன் வீட்டு ஆளுங்களை அதுல ஏத்துவானான்னு பார்ப்போம். நீங்க உங்க வீட்டு ஆளுங்களை இதுல ஏத்துவீங்களா?" இவ்வளவுதான். இது லிப்ட் அல்ல, தலைப்புக்குத் தொடர்பில்லாதது என்று குறிப்பெழுதி, பதிவை நீக்கி, ஆளையும் மன்றத்தை விட்டே விலக்கிவிட்டேன்.

ஒருவர் முழு வாழ்நாளும் லிப்ட் மெக்கானிக்காக இருக்கிறார், கையில் எப்போதும் கிரீஸ் வாசனை, பேச்சில் பத்துக்கு இரண்டு தடவை லிப்ட் வரும், அவர் என் கூடப் பிறந்தவளின் கணவர், இருபத்தைந்து வருஷப் பழக்கம். அந்த வரியைப் படித்தும் எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. நான் வாசகத்தைப் படிக்கவில்லை மாப்பிள்ளை, குறையைத்தான் படித்தேன். குறையைப் படித்துப் படித்து அதை எழுதிய ஆளைப் பார்க்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

அந்த வாரம்தான் என் தங்கை பணத்தைப் போட்டாள். அதன் பிறகு இரண்டு மாதமும் சில நாட்களும் மின்மினி மின்னிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முற்பகல் முடிதிருத்துபவரின் நாற்காலியில் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தேன். இடது கன்னம் ஆகிவிட்டது. அவர் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். கத்தியை அலமாரி மேல் வைத்தார். பிறகு கடை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். காசு அதலபாதாளத்துக்குப் போயிருந்தது, விற்கிற பொத்தானை அமுக்கினால் பராமரிப்பு நடைபெறுகிறது என்று வந்தது, மன்றத்துக்குப் போனால் பக்கமே திறக்கவில்லை, சிங்கம் விமானத்திலிருந்து இறங்கவே இல்லை. அவரிடம் வலது கன்னத்தைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பாதி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

சாயங்காலம் தங்கை வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உங்களைப் பற்றித்தான் பேசினாள். "அவர் மேலதான் எனக்குக் கோபம் அண்ணா. அந்த மன்றத்துல கேள்வி கேட்டிருக்கேன், பதில் வரட்டும், அதுவரைக்கும் போடாதேன்னு சொன்னார். நான் போய் மேலேர்ந்து கீழே வரைக்கும் பார்த்தேன். அப்படி ஒரு கேள்வியே அங்க இல்ல. கேட்கறதுக்கு சோம்பல்பட்டுக்கிட்டு கேட்டேன்னு என்கிட்ட பொய் சொல்லியிருக்கார். அந்தக் கோபத்துலதான் அன்னிக்கே போட்டேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன கேள்வி என்று கேட்டேன். ஏதோ கதவு திறக்குமான்னு கேட்டாராம் என்றாள். என் முகத்தில் ஈயாடவில்லை. பாதி முகத்தில் தாடியோடு இருந்ததால் அவள் கவனிக்கவில்லை.

நீங்கள் கேட்டீர்கள். ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டீர்கள். அந்தக் கேள்வி அங்கே இருந்திருந்தால் என் தங்கை காத்திருந்திருப்பாள், பதில் வராமலே போயிருக்கும், பணம் வங்கியிலேயே இருந்திருக்கும், இந்நேரம் கீழ்த்தளத்தில் குடிபோயிருப்பீர்கள். நான் துடைத்து வைத்த சுத்தத்தைப் பார்த்துத்தான் அவள் போட்டாள். அதைவிட மோசம், ஏழு வாரமாக உங்களைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெயரை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தது நான்.

இதில் எனக்கு ரொம்ப வலிக்கிறது என்னவென்றால், எனக்குத் தெரியாத விஷயமில்லை இது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற சுவர்க்கடிகாரம் எனக்குத் தொழிற்சாலையில் பரிசாகக் கொடுத்தது. எழுபத்திரண்டாம் எண் குடைக்கு இரண்டு வருஷம் ஒரு குறைக்கடிதம்கூட வரவில்லை, அதற்காக மேடை போட்டுக் கை தட்டிக் கொடுத்தார்கள். மறு மாதம் கிடங்கைச் சுத்தம் செய்தபோது அந்தக் குடைகள் கட்டுக்கட்டாக அங்கேயே கிடந்தன. ஒன்றுகூட விற்கவில்லை. ஒருத்தரும் விரித்ததில்லை, மழையில் பிடித்ததில்லை, அப்புறம் குறை எங்கேயிருந்து வரும்? வருஷத்துக்கு இரண்டாயிரம் கடிதம் வந்த பதினான்காம் எண் குடைதான் எங்கள் அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பெரிய வைத்தது. கடிகாரத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று கொஞ்ச நாள் பயந்தேன், கேட்கவில்லை, நானும் அந்த விஷயத்தை மறந்துவிட்டேன். போன வாரம் அந்த அழுமூஞ்சி மன்றத்தை எட்டிப் பார்த்தேன். அந்தக் காசு இன்னும் இருக்கிறது, போட்டவர்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, அது இருபது நிமிஷம் ஆகிறது என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

மன்றம் மூடுவதற்கு முன்னால் நீக்கிய பதிவுகளை எல்லாம் பழக்கதோஷத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். உங்கள் மூன்று கேள்விகளையும், தேதியும் நேரமும் போட்டு, தனித்தனி அட்டையில் படியெடுத்து இணைத்திருக்கிறேன். தங்கையிடம் காட்டுங்கள், நீங்கள் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நீக்கியது யார் என்று கேட்டால் மேலிடம் என்று சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும்தான் எனக்குத் தைரியம் இருக்கிறது.

போன பணத்தை என்னால் திருப்பித் தர முடியாது. என் மனைவியிடம் கலந்து பேசியதில் வேறொன்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் வீடு கீழ்த்தளம். நாங்கள் உங்கள் நாலாம் மாடிக்குப் போய்விடுகிறோம், நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். என் மனைவி உடனே சம்மதித்தாள். நாலாம் மாடியில் காற்று வரும், குழாயும் ஒழுகாது என்றாள். என் முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அவற்றுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். நானும் என் பங்குக்கு இந்தக் காசில் போட்டு இழந்தவன்தான், நம் எல்லோருக்கும் ஒரே மழை, சேர்ந்தே நனைந்தோம் என்று நினைத்து மன்னிக்க வேண்டும்.

நீங்களும் தங்கையும் நீண்ட ஆயுளோடு, படியில்லாத வீட்டில், மனஸ்தாபமில்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று பெரியவன் என்ற உரிமையில் வாழ்த்துகிறேன். என் மனைவி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், வரும்போது குழாய் முடுக்குகிற சாவியைக் கொண்டுவரச் சொன்னாள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த உங்கள் மச்சான்

இணைப்பு: அட்டைகள் மூன்று

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதி இப்போது பயனில்லை. பசை தேடி உள்ளே போயிருந்த நேரத்தில் தங்கை வந்துவிட்டாள், வாங்கிப்போன குக்கர் மூடியைத் திருப்பிக் கொடுக்க. திரும்பி வந்து பார்த்தால் மேசை பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறாள். அட்டைகளைக் கையில் வைத்திருந்தாள். மூன்றையும் வரிசையாக மேசை மேல் அடுக்கினாள். பிறகு, குடைக்காரர் யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும் என்றாள். இரண்டாவது வணக்கத்தை நீக்கிவிட்டுத் தங்கள் ஆதரவுக்கு நன்றி என்று எழுத இந்த உலகத்தில் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றாள். கேள்வி அங்கே இல்லை என்றதும் அவளுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்டேன். "நீ காவல் இருக்கிற இடமாச்சே அண்ணா, அங்க யாராவது கேட்டிருந்தா நீயே பதில் வாங்கிக் கொடுத்திருப்பேன்னு நினைச்சேன்" என்றாள்.

பிறகு என் எதிரிலேயே உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏன் ஏழு வாரமா என்கிட்ட சொல்லல என்று கேட்டாள். நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. "உன் அண்ணனைப் பத்தி நான் எப்படிச் சொல்றது? அவரே சொல்லட்டும்னு இருந்தேன். சாப்பாட்டு மேசையில வச்சுக் கேட்டா சந்தேகப்படற மாதிரி ஆயிடும், அதான் அங்க போய் வேற பேர்ல கேட்டேன். நான் கேட்டது மன்றத்தை இல்ல, மச்சானைத்தான். அவர்கிட்டேர்ந்து பதில்தான் இன்னும் வரல."

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று கையில் எடுத்தேன். இனி எதையும் நீக்குவதில்லை என்று இருப்பதால் ஒரு வரி குறைக்காமல் அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நானும் என் பங்குக்குப் போட்டு இழந்தேன் என்று மேலே எழுதியிருப்பது பொய். நான் ஒரு பைசா போடவில்லை. போடத்தான் நினைத்தேன். பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில்தான் கதவு திறக்குமா என்ற உங்கள் கேள்வியைப் படித்திருந்தேன். திறக்காவிட்டால் என்ன செய்வது என்று விரலை எடுத்துவிட்டேன், எடுத்த கையோடு வேறு யார் கண்ணிலும் படாமல் அதை நீக்கினேன்.

அட்டைகளில் முதல் இரண்டுக்கும் பதில் நமக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவதற்கு, உங்கள் வீட்டு ஆளுங்களை இதுல ஏத்துவீங்களா என்று கேட்டதற்கு, தாமதத்துக்கு வருந்திப் பதில் எழுதுகிறேன்: என் தங்கையை ஏற்றினேன் மாப்பிள்ளை, நான் ஏறவில்லை.